எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கும் ஆட்டம்

பிளஸ் டூ வந்துவிட்டால் வீட்டில் டி.வி. அணைந்துவிடும். திருவிழாவுக்குக் கூட்டிப் போக மாட்டார்கள். சொந்தக்காரர் கல்யாணத்துக்கு அம்மா மட்டும் போய் மொய் எழுதிவிட்டு வருவார். மதுரை ஆனையூர்ப் பக்கம் இது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் பையன்களுக்கு இந்தக் கெடுபிடி அவ்வளவாக இறுகாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டையோடு கிளம்பிப் போய், வெயில் ஏறியதும் திரும்பி வருவார்கள். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். பெண் பிள்ளைகள் கதை வேறு. ஒன்பதாம் வகுப்புவரை ஓடிக்கொண்டிருந்தவள் பத்தாம் வகுப்பில் பாதி நின்றிருப்பாள், பன்னிரண்டாம் வகுப்பில் முழுதாக நின்றுவிடுவாள். 'விளையாடாதே' என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லியிருக்கவும் மாட்டார்கள். விளையாட்டு பீரியடைக் கணக்குப் பாடம் எடுத்துக்கொள்ளும். சாயங்காலத்தை ஸ்பெஷல் கிளாஸ் எடுத்துக்கொள்ளும். மிச்சமிருப்பதை வீட்டு வேலை எடுத்துக்கொள்ளும்.

2022-23 கல்வியாண்டில் நான் பிளஸ் டூ படித்தேன். பள்ளியின் மாணவியர் விளையாட்டுத் தலைவியாகவும் இருந்தேன். எல்லோரும் கூப்பிடுவது 'ஸ்போர்ட்ஸ் கேப்டன்' என்று. சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜ், விளையாட்டு விழாவில் சுடர் ஏந்தி ஓடும் வாய்ப்பு, மேடையேறி உறுதிமொழி வாசிக்கும் பெருமை, இவைதான் அந்தப் பொறுப்பு என்று பள்ளியில் பலரும் நினைத்திருந்தார்கள். அந்த ஓராண்டு எனக்குச் சொல்லிக்கொடுத்தது வேறு. நின்றுவிடப் போகிறவளை நிற்கவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் விளையாட்டுத் தலைவியின் முதல் வேலை. கோப்பை, பதக்கம், சான்றிதழ் எல்லாம் அதற்குப் பிறகு.

எங்கள் பேட்ச் எந்த நிலையில் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நாங்கள் ஒன்பதாம் வகுப்பு முடிக்கும் தறுவாயில், 2020 மார்ச்சில், பள்ளிகளை மூடினார்கள். பத்தாம் வகுப்பில் எங்களுக்குப் பொதுத் தேர்வே நடக்கவில்லை. அத்தனை பேரும் தேர்ச்சி. பிளஸ் ஒன்னில் செப்டம்பரில் பள்ளி திறந்தது, ஜனவரியில் மறுபடி மூடியது, பிப்ரவரியில் திறந்தது. மே மாதக் கத்திரி வெயிலில் எங்கள் வாழ்க்கையின் முதல் பொதுத் தேர்வை எழுதினோம். இத்தனைக்கும் நடுவில் விளையாட்டுப் போட்டி என்ற ஒன்று எங்கள் நினைவிலேயே இல்லை. ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்குக் கோ-கோ சொல்லிக்கொடுத்த அக்காமார்கள் பள்ளியை விட்டுப் போய்விட்டார்கள். அவர்களுக்கும் எங்களுக்கும் நடுவே இருக்க வேண்டிய அணி உருவாகவே இல்லை.

ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது மைதானம் முழுக்க நெருஞ்சி படர்ந்து கிடந்தது. கோ-கோ கம்பங்களில் ஒன்று சாய்ந்திருந்தது, இன்னொன்றைக் காணவில்லை. எங்கள் உடம்பும் அதே நிலைமையில்தான் இருந்தது. முதல் நாள் பி.டி. டீச்சர் மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வரச் சொன்னார். பாதிப் பேர் அரைச் சுற்றிலேயே முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்துவிட்டார்கள். ஒருத்திக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. இரண்டு ஆண்டுகள் செல்போன் திரையில் பாடம் பார்த்துக்கொண்டு, நான்கு சுவருக்குள் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் நாங்கள். நெருஞ்சியைப் பிடுங்கவே முதல் வாரம் சரியாகப் போயிற்று. முள் குத்தாத இடமாகப் பார்த்துக் காலை வைத்து நடந்தவர்கள், வேலை முடிந்தபோது மைதானத்தில் வெறுங்காலோடு நின்றோம்.

ஆனையூரில் பள்ளி மைதானம் எவ்வளவு முக்கியம் என்பது இங்கே வளர்ந்தவர்களுக்குத் தெரியும். எங்கள் தாத்தா காலத்தில் இது கண்மாய்ப் பாசனத்து நெல் ஊர். பிறகு நகராட்சி ஆனது. 2011-ல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தது. வயல்கள் வீட்டுமனைகள் ஆயின. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஓடிப் பிடித்து விளையாடிய காலிமனைகளில் இன்று மாடி வீடுகள் நிற்கின்றன. மிச்சமிருக்கும் பொட்டல்களில் பையன்களின் கிரிக்கெட் நடக்கிறது. அங்கே ஒரு பெண் பிள்ளை போய் நின்றால் சாயங்காலத்துக்குள் செய்தி அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஒரு பெண் மூச்சு வாங்க ஓடலாம், கத்தலாம், விழுந்து புரளலாம் என்று ஊர் ஒத்துக்கொண்ட ஒரே இடம் பள்ளி மைதானம்தான். அதுவும் பன்னிரண்டாம் வகுப்போடு முடிந்துவிடும். அதனால்தான் அந்தக் கடைசி ஆண்டை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது.

எங்கள் பள்ளியில் மைதானத்தின் நடுப்பகுதியும் பையன்களின் கிரிக்கெட்டுக்குத்தான். வேப்பமரத்தை ஒட்டிய ஓரம் எங்களுக்குக் கிடைத்தது. பி.டி. டீச்சர் அளவு நாடாவைக் கையில் கொடுத்து, "இருபத்தேழு மீட்டர் நீளம், பதினாறு மீட்டர் அகலம். கோட்டை நீங்களே போடுங்க" என்றார். சுண்ணாம்புத் தூள் கைவசம் இல்லை. மறுநாள் ஆளுக்கொரு பொட்டலம் கோலப்பொடி வீட்டிலிருந்து கொண்டுவந்தோம். மார்கழி முழுக்க வாசலில் கோலம் போட்டுப் பழகிய ஒரு பெண் எங்களோடு இருந்தாள். நாங்கள் கயிற்றை இழுத்துப் பிடிக்க, அவள் குனிந்த தலை நிமிராமல் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பொடியை ஒழுகவிட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்தாள். நடுப்பாதையின் இரண்டு கோடுகளும் ஒரு இம்மிகூடப் பிசகவில்லை. மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வேடிக்கை பார்த்த பையன்கள் அதற்குப் பிறகு அந்தக் கோட்டை மிதித்துக்கொண்டு ஓடியதில்லை. ஓரத்து இடம் அன்று முதல் எங்கள் ஆடுகளம் ஆனது.

கோ-கோவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். துரத்தும் அணியில் ஒன்பது பேர். எட்டுப் பேர் நடுப்பாதையின் எட்டுக் கட்டங்களில் வரிசையாக, ஒருத்தி இந்தப் பக்கமும் அடுத்தவள் அந்தப் பக்கமும் பார்த்துக் குந்தியிருப்பார்கள். ஒன்பதாமவள் மட்டும் ஓடித் துரத்துவாள். எதிரணி மூன்று மூன்று பேராக உள்ளே இறங்கித் தப்பி ஓடும். துரத்துகிறவள் பாதியில் திரும்பக் கூடாது, நடுப்பாதையைத் தாண்டக் கூடாது. கம்பத்தைச் சுற்றித்தான் மறுபக்கம் போக முடியும். ஆனால் ஓடுகிறவளோ உட்கார்ந்திருப்பவர்களின் இடைவெளியில் புகுந்து புகுந்து போவாள். அவளைப் பிடிக்க வேண்டுமானால், உட்கார்ந்திருக்கும் தன் அணிக்காரியின் முதுகைத் தொட்டு 'கோ' கொடுத்து, ஆட்டத்தை அவளிடம் ஒப்படைத்துவிட்டு, அவள் இடத்தில் இவள் உட்கார வேண்டும். ஒரு முறை துரத்த ஒன்பது நிமிடம். அந்த ஒன்பது நிமிடத்தில் பெரும்பாலான நேரம் ஒவ்வொருத்தியும் உட்கார்ந்துதான் இருப்பாள். ஆனாலும் குதிகால் தரையில் படக் கூடாது. தூங்கும் உடம்பாக இருக்கக் கூடாது. முதுகில் கை பட்ட கணத்தில் பாய வேண்டும்.

நான் நன்றாக ஓடுவேன் என்பதால்தான் என்னைத் தலைவி ஆக்கினார்கள் என்று நினைத்திருந்தேன். பி.டி. டீச்சர் முதல் வாரமே சொன்னார்: "ஓடுறவள எல்லாரும் பாப்பாக. நீ உக்காந்திருக்கவள பாரு. யாரு முகம் வாடியிருக்கு, யாரு சோறு திங்காம வந்திருக்கா, யாரு நாளைக்கு வரமாட்டான்னு உனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

அந்தப் பார்வை வந்த பிறகுதான் நிறையப் புரிந்தது. எட்டாவது கட்டத்தில், கம்பத்துக்குப் பக்கத்தில் உட்காரும் பெண் திடீரென வராமல் போனாள். கூடல்நகர் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கும் அப்பா, தையல் வேலை பார்க்கும் அம்மா, வீட்டில் அப்பத்தா. ஒரு சாயங்காலம் நானும் இன்னொருத்தியும் அவள் வீட்டுக்குப் போனோம். அவள் அம்மா எங்களை உட்காரவைத்து டீ கொடுத்துவிட்டு, மிஷினை மிதித்துக்கொண்டே பேசினார். "படிப்பு கெட்டுப்போகும்னு கூட நான் சொல்லலத்தா. முட்டி பூரா சிராய்ப்பு. பொம்பளப் புள்ள காலெல்லாம் தழும்பா இருந்தா நாளைக்குப் பாக்க வர்றவுக என்ன சொல்லுவாக?"

எனக்குப் பதில் வரவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்பத்தா, புடவையைக் கணுக்காலுக்கு மேலே லேசாகத் தூக்கிக் காட்டினார். "இந்தா பாரு. கதிரறுக்கப் போயி அருவா பட்டது. இது வரப்புல விழுந்தது. இம்புட்டுத் தழும்போடதான் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தேன். யாரும் திருப்பி அனுப்பல. போகட்டும் விடு." அம்மா ஒன்றும் சொல்லவில்லை, மிஷின் சத்தம் மட்டும் கேட்டது. அடுத்த நாள் எட்டாவது கட்டத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு வீடுகளுக்குப் போவது என் வேலையின் பெரும்பகுதி ஆகிவிட்டது. அந்த ஆண்டே எங்களுக்குப் பேசுவதற்கு நிறையக் கொடுத்தது. மே மாதம் பிரேசிலில் நடந்த செவித்திறன் குறைந்தோருக்கான ஒலிம்பிக்கில், மதுரை மாநகராட்சிப் பள்ளி மாணவி ஜெர்லின் அனிகா பேட்மிண்டனில் மூன்று தங்கம் வென்று வந்திருந்தார். அதே ஆண்டில் அவருக்கு அர்ஜுனா விருதும் கிடைத்தது. ஜூலை இறுதியில் மாமல்லபுரத்தில் 44-வது செஸ் ஒலிம்பியாட் தொடங்கியது. அதன் சின்னமான, வேட்டி கட்டிய குதிரை 'தம்பி'யின் படம் பள்ளிதோறும் ஒட்டியிருந்தது. அந்தப் போட்டியில் இந்திய மகளிர் அணி வெண்கலம் வென்றபோது, அணியில் இருந்த ஹரிகா துரோணவல்லி ஒன்பது மாதக் கர்ப்பிணி. இந்தச் செய்தியை நான் எத்தனை அம்மாக்களிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. 'மாசமா இருக்க பிள்ள உக்காந்து விளையாடி ஜெயிச்சிருக்கா' என்று அவர்களே அடுத்த வீட்டில் போய்ச் சொன்னார்கள். ஆகஸ்டில் அல்டிமேட் கோ-கோ லீக் முதன்முதலாகப் புனேயில் நடந்தது. சென்னை அணியும் இருந்ததால் ஒருத்தியின் செல்போனைச் சுற்றித் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். எங்கள் ஆட்டத்தைத் திரையில் பார்ப்பது அதுவே முதல் முறை. ஆறு அணிகளிலும் ஒரு பெண்கூட இல்லை என்பதையும் பார்த்தோம்.

எல்லாவற்றையும்விட எங்களுக்கு நெருக்கமாக இருந்தவர் ரேவதி வீரமணி. மதுரையை அடுத்த சக்கிமங்கலத்துக்காரர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, கூலி வேலை பார்த்த பாட்டியின் நிழலில் வளர்ந்தவர். தொடக்க நாட்களில் வெறுங்காலோடு ஓடியவர். 2021 ஜூலை 30 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். பள்ளியில் படிக்கும்போதே அவர் ஓட்டத்தைக் கவனித்தவர் பயிற்சியாளர் கண்ணன். பாட்டி முதலில் சம்மதிக்கவில்லை. கண்ணன் பேசி இணங்கவைத்து, ரேவதியை லேடி டோக் கல்லூரியில் சேர வழி செய்தார். நான் இந்தக் கதையில் நின்று யோசிக்கும் இடம் அதுதான். ஒரு பாட்டியோடு நடந்த பேச்சு அது. அந்தப் பேச்சு நடக்காமல் போயிருந்தால் சக்கிமங்கலத்துக்கும் டோக்கியோவுக்கும் நடுவே ஒரு பாதையும் இருந்திருக்காது. ஒரு சனிக்கிழமை டவுன் பஸ் ஏறி ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கத்துக்குப் போனோம். மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதமே வந்துவிட்டதால் யாரிடமும் காசு கேட்க வேண்டியிருக்கவில்லை. அங்கே செயற்கை ஓடுதளத்தில் எங்களைவிடச் சின்னப் பெண்கள் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். வேலிக்கு வெளியே நின்று வெகுநேரம் பார்த்தோம். திரும்பும் வழியில் தள்ளுவண்டியில் பருத்திப்பால் குடித்தோம். பஸ்ஸில் யாரும் அதிகம் பேசவில்லை. மறுநாள் ஞாயிறு, அத்தனை பேரும் பயிற்சிக்கு வந்திருந்தார்கள்.

படிப்பையும் நாங்கள் விடவில்லை. மைதானத்துக்கு வருகிறவர்களின் மார்க் குறைந்தால் தன்னைக் கேட்கலாம் என்று பி.டி. டீச்சர் மற்ற ஆசிரியர்களிடம் பொறுப்பேற்றுக்கொண்டார். அவர் வாக்கைக் காப்பாற்றுவது எங்கள் கடமையாயிற்று. வார்ம்-அப்புக்கு முன்னால் வேப்பமரத்தடியில் வேதியியல் சமன்பாடுகளை ஒருத்தி கேட்க இன்னொருத்தி சொல்ல வேண்டும். வாரம் ஒருமுறை பள்ளியில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை வாங்கி ஜன்னல் வழியே எறிவது அதுவரை எல்லோருக்கும் பழக்கம். டீச்சர் எதிரிலேயே விழுங்கவைத்தார். நாட்டில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொல்வதைப் பின்னால் படித்தபோது, முதல் நாள் கண் இருட்டிய பெண்ணின் முகம் நினைவுக்கு வந்தது. மாதவிலக்கு நாட்களைப் பற்றியும் எங்களுக்குள் வெளிப்படையாகப் பேசிக்கொண்டோம். முடிந்தவள் ஓடலாம், முடியாதவள் உட்கார்ந்து ஸ்கோர் எழுதலாம். வயிற்றுவலி என்று பொய் சொல்லி வீட்டில் இருக்க வேண்டியதில்லை. மைதானத்துக்கு வந்துவிட வேண்டும். இந்த ஒரு ஏற்பாட்டால் எங்கள் வருகை எவ்வளவோ மாறியது.

குறுவட்டப் போட்டியின் இறுதி ஆட்டம் இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. கடைசித் துரத்தல். சமநிலையை உடைக்க ஒரே ஒரு ஆள் அவுட் ஆக வேண்டும். எதிரணியில் ஒல்லியான ஒரு பெண் எங்கள் வரிசைக்குள் ஊசி நூல் கோப்பதுபோல் நுழைந்து நுழைந்து வெளியே வந்துகொண்டிருந்தாள். நேரம் கரைந்துகொண்டிருந்தது. நான் துரத்திக்கொண்டு கம்பம்வரை வந்தேன். அவள் வளைந்து மறுபக்கம் போவது தெரிந்தது. எட்டாவது கட்டத்துப் பெண் முதுகில் கையை வைத்து 'கோ' என்றேன். அவள் எழுந்ததை நான் பார்க்கவில்லை, எழுந்து முடித்திருந்தாள். ஒரு கையால் கம்பத்தைப் பற்றி, உடம்பு முழுவதையும் காற்றில் நீட்டி, மறுகை விரல் நுனியால் ஓடுகிறவளின் இடுப்பைத் தொட்டுவிட்டுத் தரையில் விழுந்தாள். விசில் ஊதியது. முழங்கால் இரண்டும் உரிந்து ரத்தம் மண்ணோடு கலந்திருந்தது. சிரித்துக்கொண்டே எழுந்தாள். மைதான ஓரத்தில் முளைத்திருந்த வெட்டுக்காயப் பூண்டைப் பறித்து, உள்ளங்கையில் கசக்கிச் சாற்றைப் பிழிந்துவிட்டோம். எரிச்சலில் பல்லைக் கடித்துக்கொண்டு, "அப்பத்தாகிட்ட காட்டணும்" என்றாள்.

மாவட்டப் போட்டியில் அரையிறுதியோடு நின்றோம். மேலூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பள்ளி ஒன்று எங்களை வென்றது. ஆட்டம் முடிந்து அவர்களோடு உட்கார்ந்து பேசினோம். கொரோனா காலத்தில் பள்ளி மூடியிருந்தபோதும் ஊர்க் களத்துமேட்டில் தினமும் ஓடியிருக்கிறார்கள். கேட்டதும் எனக்குத் தோல்வியின் வருத்தம் போய்விட்டது, காரணம் விளங்கிவிட்டது. வீட்டுக்கு எட்டும் தூரத்தில் ஒரு திறந்த இடமும், அங்கே பெண் பிள்ளைகள் ஓடுவதைச் சாதாரணமாகப் பார்க்கும் ஊரும் இருந்தால் போதும். அவர்களுக்கு அந்த இரண்டும் இருந்தன.

பிப்ரவரியில் விளையாட்டு விழா முடிந்தது. மார்ச் 13 அன்று பொதுத் தேர்வு தொடங்கியது. தேர்வுக்கு முன்புவரை காலையில் அரை மணி நேரம் மைதானத்துக்கு வருவதை நாங்கள் நிறுத்தவில்லை. அணியில் பிளஸ் டூ எழுதிய எல்லோரும் தேர்ச்சி பெற்றோம். மாநிலம் முழுக்க அந்த ஆண்டு பிளஸ் டூ எழுதிய மாணவிகளில் 96.38 சதவீதம் பேர் தேர்ச்சி, மாணவர்களைவிட அதிகம். எங்கள் பிள்ளைகள் படிப்பில் தோற்கப் போவதில்லை என்பதை ஆண்டுதோறும் முடிவுகள் சொல்லிக்கொண்டேதான் இருக்கின்றன. தோற்பது வேறு இடத்தில். உலகம் முழுவதும் பள்ளி செல்லும் வளரிளம் பருவத்தினரில் பெண்களில் 85 சதவீதம் பேரும் ஆண்களில் 78 சதவீதம் பேரும் உடம்புக்குப் போதுமான அளவு ஓடியாடுவதில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2019-ல் சொன்னது. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் போதும் என்பதே அந்த அளவு. அந்த ஒரு மணி நேரத்தைத்தான் பன்னிரண்டாம் வகுப்பில் முதலில் பிடுங்குகிறோம்.

2025 ஜனவரியில் டெல்லியில் முதல் கோ-கோ உலகக் கோப்பை நடந்தது. இந்தியப் பெண்கள் இறுதிப் போட்டியில் நேபாளத்தை 78-40 என்று வென்றார்கள். எட்டாவது கட்டத்துப் பெண் அன்றிரவு எனக்கு போன் செய்தாள். அவள் அப்போது கல்லூரி அணியில் ஆடிக்கொண்டிருந்தாள். உலகக் கோப்பையைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டு, தன் அணியில் இரண்டு பெண்கள் வராமல் போனதையும் அவர்கள் வீட்டுக்குத் தான் போய் வந்ததையும் வெகுநேரம் சொன்னாள்.

பள்ளியில் தலைவிப் பொறுப்பை அடுத்தவளிடம் ஒப்படைத்தபோது நான் கொடுத்தது ஒரு நோட்டு. அதில் ஆட்ட உத்திகள் இல்லை. யார் வீட்டில் யாரிடம் பேசினால் காரியம் நடக்கும், யாருக்குக் காலையில் சாப்பாடு இருக்காது, யாரை இருட்டுவதற்குள் அனுப்ப வேண்டும் என்று எழுதியிருந்தேன். ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. பிளஸ் டூ டைம்டேபிளில் விளையாட்டு என்று எழுதியிருக்கும் பீரியடை விளையாட்டுக்கே விடுங்கள். மைதானத்தில் எங்களுக்கு ஒரு ஓரம் கொடுங்கள். கோட்டை நாங்களே போட்டுக்கொள்வோம். பெண் பிள்ளை ஒரு வாரம் வராவிட்டால், அவள் ஏன் வரவில்லை என்று யாராவது ஒருவர் அவள் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள்.